திட்டு விழுந்த சாயம்

ஜூன் 12, திங்கள்

இரத்தப்போக்கு இருந்தது.

கோயமுத்தூர் டாக்டரம்மா மங்கையர்க்கரசி இதை மட்டும்தான் தேதி போட்டு எழுதி வரச் சொன்னார். எழுதிவிட்டேன். பக்கம் பாக்கி இருக்கிறது. காகிதத்தை வீணாக்கி எனக்குப் பழக்கமில்லை.

இது எங்கள் சாயப்பட்டறை நடந்த காலத்தில் சாயப்பொடிக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி. பட்டறையை மூடிய பிறகு அலமாரியில் கிடந்தது. பழைய வருஷம் என்பதால் அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன்.

எனக்கு அறுபத்தேழு வயது. தீட்டு நின்று பல வருஷம் ஆகிறது. நின்றது மறுபடி வந்தால் நல்லதற்கில்லை என்று தெரியாத முட்டாள் இல்லை நான். இருந்தும் சித்திரை முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. அவர்தான் கண்டுபிடித்து மகளுக்குப் போன் செய்துவிட்டார். நான் ஊறவைத்திருந்த துணியைப் பார்த்திருக்கிறார். நாற்பது வருஷமாக நடையில் பாய் போட்டுப் படுக்கிற மனுஷருக்கு என் துணியில் என்ன வேலை?

அவர் என்றால் என் வீட்டுக்காரர், சென்னியப்பன். பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. எழுதும்போது யாரும் கேட்கப்போவதில்லை.

ஜூன் 15, வியாழன்

இரத்தப்போக்கு கொஞ்சம்.

காலையில் கோயமுத்தூர் போனோம். மகள் கோகிலா பேங்கில் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். போன வாரம் உள்ளேயிருந்து சதை எடுத்தார்களே, அதற்கு முடிவு வந்திருந்தது. கேன்சர்தான். டாக்டரம்மா அந்தச் சொல்லைச் சொல்ல ரொம்ப நேரம் சுற்றினார். நானே சொல்லிக் கொடுத்தேன்.

"கேன்சர்ங்களா?"

"ஆமாங்கம்மா. ஆனா எங்க ஆரம்பிச்சதுன்னுதான் தெரியலை. ஸ்கேன்ல பாத்தா கர்ப்பப்பையும் கர்ப்பப்பை வாயும் சேர்ற இடத்துல உக்காந்திருக்கு. மேல இருந்து கீழ எறங்குச்சா, கீழ இருந்து மேல ஏறுச்சான்னு பாக்கணும்."

"எங்க ஆரம்பிச்சா என்னுங்க? இருக்கறது எனக்குத்தானே."

"வைத்தியம் வேறம்மா. கர்ப்பப்பைல ஆரம்பிச்சிருந்தா ஆபரேசன் பண்ணி எடுத்துடலாம். சீக்கிரம் தேறிடுவீங்க. வாய்ல ஆரம்பிச்சு இவ்வளவு பெருசாயிருந்தா ஆபரேசன் கிடையாது. கதிர்வீச்சு, அதான் கரண்டு வெக்கணும், கூடவே மருந்தும் ஏத்தணும். கொஞ்சம் சிரமம்."

எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றேன். எடுத்த சதையை மெல்லிசாகச் சீவி நாலு சாயம் போட்டுப் பார்ப்பார்களாம். கர்ப்பப்பைச் சதை என்றால் முதல் இரண்டு சாயத்தையும் வாங்கும், மற்ற இரண்டையும் வாங்காது. வாய்ச் சதை என்றால் தலைகீழ். வாங்கின இடம் காப்பிக்கொட்டை நிறத்தில் தெரியும்.

இது எனக்குப் புதுசு இல்லை. நூல் பருத்தியா பாலியெஸ்டர் கலந்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரு கழி நூலை எடுத்துச் சாயத்தில் முக்குவோம். பருத்திச் சாயத்தைப் பாலியெஸ்டர் வாங்காது. எவ்வளவு பொய் சொல்லி விற்றிருந்தாலும் தொட்டியில் இறங்கியதும் வெளுத்துவிடும். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "கிட்டத்தட்ட அதேதாம்மா" என்று சிரித்தார்.

"ஒரே குழந்தைங்களா?" என்று எழுதிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணுதான்."

"அப்பறம் ஏன் தங்கலை?"

"வெளிய உக்காந்திருக்காரு. கேளுங்க" என்றேன்.

கோகிலா என் கையைக் கிள்ளினாள்.

ஜூன் 17, சனி

இரத்தப்போக்கு இல்லை.

இரண்டு நாளாக செல்போனில் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவதோடு நிறுத்தினார்கள் என்னை. இங்கிலீஷ் எழுத்தைச் சாயப்பொடி டப்பாவைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். நிறங்கள் வரிசையாக ஒட்டிய ஷேடு கார்டு முழுக்கத் தலைகீழாகச் சொல்வேன். பட்டறைக்கு அவர் பேரில்தான் போர்டு, கலவை போட்டது நான். வியாபாரிகள் வந்தால் "முதலாளி எங்கே?" என்று என்னிடமே கேட்பார்கள்.

படித்தது இது: கர்ப்பப்பை வாயில் வருகிற கேன்சர் பெரும்பாலும் ஒரு வைரஸால் வருகிறது. அந்த வைரஸ் ஆண்பிள்ளையிடமிருந்து வரும். வந்தது பல வருஷம் சத்தமில்லாமல் உள்ளே கிடக்கலாம். கர்ப்பப்பைக்குள் வருகிற கேன்சருக்கும் அந்த வைரஸுக்கும் சம்பந்தமில்லை. நாலாவது சாயத்துக்குப் பேர் பி16. வைரஸ் பண்ணின வேலையை அதுதான் காட்டும்.

மூன்று தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன்.

ஆண்பிள்ளையிடமிருந்து என்று போட்டிருக்கிறது. எனக்கு ஒரே ஆண்பிள்ளைதான்.

ஜூன் 18, ஞாயிறு

தோட்டத்தில் முருங்கைக் கிளை ஒடிந்து சுவர்மேல் விழுந்தது. அவர் வெட்டி ஒதுக்கினார். இந்த வயதில் அரிவாள் எடுக்க வேண்டாம் என்று கோகிலா போனில் கத்தினாள். நான் சொல்லவில்லை.

எழுதுவதென்றால் முழுசாக எழுத வேண்டும்.

அப்போது கோகிலாவுக்கு மூன்று வயது. அவர் சாயப்பொடி பார்க்க பம்பாய் போனார். ஒரு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனவர் ஒரு மாதத்துக்கு மேல் கழித்து வந்தார். வந்த பிறகு என் பக்கத்தில் வரவில்லை, பிறகு வந்தார், பிறகு மறுபடி வரவில்லை. இங்கே ஈரோட்டில் நூறு டாக்டர் இருக்கும்போது சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஊசி போட்டுக்கொண்டார். மஞ்சள் காமாலை என்றார். மஞ்சள் காமாலைக்கு எந்த ஊரில் ஊசி? எனக்கும் கீழே எரிச்சலும் காய்ச்சலும் வந்தது. ஏதோ வேரைக் கொதிக்கவைத்துக் குடி என்றார் மாமியார்.

நான் கேட்டேன். கத்தவில்லை, கேட்டேன். கேட்டது தப்பாகிவிட்டது. அவர் அக்கா பாவாயி, எனக்கு நங்கையா, ஊரைக் கூட்டிவிட்டார். குலதெய்வக் கோயிலில் தட்டில் கற்பூரம் ஏற்றி, "சத்தியம் பண்ணுடா" என்றார். இவர் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார். அப்படி அணைத்துச் சொன்னால் சாமியே தீர்ப்புச் சொன்ன மாதிரி. அதற்குமேல் பேச்சு கிடையாது.

"சாமி சொல்லிருச்சு. என்ற தம்பி மேல பழி போட்டதுக்கு உழுந்து கும்புடு" என்றார் நங்கையா.

நான் விழுந்து கும்பிட்டேன். இவர் காலில் இல்லை. நங்கையா காலில். அத்தனை ஒறம்பரைச் சனமும் பார்த்துக்கொண்டிருக்க.

அதன் பிறகு எனக்கு வயிற்றில் எதுவும் தங்கவில்லை.

ஒன்று கவனித்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு அவர் எந்தக் கோயிலிலும் கற்பூரத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதில்லை. தூரத்திலேயே கும்பிட்டு நகர்ந்துவிடுவார். சூடு என்பார்.

ஜூன் 20, செவ்வாய்

இரத்தப்போக்கு இருந்தது. அதிகம்.

அவர் ராகிக்கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தார். கட்டி தட்டியிருந்தது. கட்டியை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஏனுங்க, இந்தச் சாயச் சோதனை இருக்குதில்ல, அதுல ஒண்ணு ஆம்பளைகிட்ட இருந்து வந்ததான்னு காட்டீருமாம்."

அவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

"யாரு சொன்னா?"

"படிச்சேன்."

"கண்டதையும் படிக்காத, பழனா."

"கற்பூரம்னா கையில அணைச்சரலாம். இது சாயம். வாங்குச்சுன்னா எந்த ஊரு வெள்ளாவியில வெச்சாலும் போவாது."

பழைய ஆளாக இருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போயிருப்பார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "கூழ் ஆறுது" என்றார்.

ஜூன் 23, வெள்ளி

இல்லை. சோர்வு. தலை வாரவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

கோகிலா வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். "பயமா இருக்குதாம்மா?" என்றாள். இல்லை என்றேன். "எதுவா இருந்தா நல்லதுன்னு சாமி கும்பிடறே?" என்றாள். இந்தப் பெண் பேங்கில் வேலை பார்ப்பதற்கு வக்கீலாகப் போயிருக்கலாம்.

"எது உண்மையோ அது வரட்டும்" என்றேன்.

"கர்ப்பப்பைனு வரட்டும்னு சொல்லும்மா. அதுதான் ஈஸி."

நான் சொல்லவில்லை. எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது.

ஜூன் 27, செவ்வாய்

சாயச் சோதனை முடிவு கோகிலாவின் போனுக்கு வந்து, அங்கிருந்து எனக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியிலேயே பார்த்தேன். முதல் மூன்றையும் தாண்டி நாலாவது வரிக்குப் போனேன். பி16. எதிரில் பாசிட்டிவ் என்று இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சொல். எழுத்துக் கூட்டினேன். பேச்சி.

"அம்மிணி, இது என்ன பேச்சி? சாமி பேராட்டம் இருக்குது."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கோகிலா சிரித்துவிட்டாள். இந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்தது அதுதான். "பேச்சின்னா திட்டுத் திட்டான்னு அர்த்தம்மா. அங்கங்க பட்டிருக்குது."

திட்டு. எனக்குத் தெரியாத திட்டா? நூலில் திட்டு விழுந்தால் என்ன அர்த்தம்? நூல் சாயத்தை வாங்கும் ஜாதிதான். எண்ணெய்ப்பசை போக அலசாமல் விட்டிருப்பான், இல்லாவிட்டால் தொட்டியைச் சரியாகக் கிண்டியிருக்க மாட்டான். தப்பு வேலைக்காரன் மேல்தானே ஒழிய, வாங்காத நூலில் திட்டுக்கூட விழாது.

பின்சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் தொங்கும் கண்ணாடியில் பார்த்தேன். வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காதுவரை வெளுத்திருந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜெயித்த மாதிரி இல்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். அவர் இறங்கி வந்து முதுகைத் தடவினார். கையைத் தட்டிவிட வலு இல்லை.

டாக்டரம்மா கோப்பைத் திறந்ததும், "நல்ல சேதிம்மா. கர்ப்பப்பைல ஆரம்பிச்சதுதான். ஆபரேசன் பண்ணிடலாம்" என்றார்.

கோகிலா அங்கேயே அழுதுவிட்டாள். இவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்க" என்றேன் நான். "நாலாவது சாயம் ஏறியிருக்குது."

"அது திட்டுத் திட்டாத்தாம்மா. அதைக் கணக்குல எடுக்க மாட்டாங்க."

"யாரு எடுக்க மாட்டாங்க? நாப்பது வருசம் சாயம் போட்டவ நான். திட்டு விழுந்தா ஏறியிருக்குதுன்னுதான் அர்த்தம். மறுபடி போடச் சொல்லுங்க."

"அம்மா" என்றாள் கோகிலா. "நல்லதைச் சொல்றாங்க. எதுக்கு சண்டை போடறே?"

"நல்லதா கெட்டதான்னு நான் கேக்கலை. உண்மையான்னு கேக்கறேன்."

டாக்டரம்மா என்னையே பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "நாளைக்கு வாங்க. சாயம் போட்ட டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போறேன். நீங்களே பாருங்க" என்றார்.

ஜூன் 28, புதன்

இரத்தப்போக்கு கொஞ்சம்.

சாயம் பார்க்கிற டாக்டர் பேர் இம்மானுவேல். ரிட்டயர் ஆகிற வயது. அறை முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். கோகிலாவும் இவரும் வெளியே இருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மாதிரி மைக்ரோஸ்கோப் இருந்தது. குனிந்து கண்ணை வைத்தேன்.

என் சதை. நீல நிறத்தில், கோலம் போட்டுக் கலைத்த மாதிரி. அதில் காப்பிக்கொட்டை நிறம் நெருக்கமாகப் பிடித்திருந்தது. "இது மொத சாயம். நல்லா வாங்கியிருக்கு" என்றார். துண்டை மாற்றினார். "ரெண்டாவது. இதையும் வாங்கியிருக்கு." மறுபடி மாற்றினார். வெறும் நீலம். "மூணாவது. வாங்கவே இல்லை. வாயில ஆரம்பிச்சிருந்தா இந்நேரம் இது காப்பி நிறமா இருக்கணும்."

"நாலாவதைக் காட்டுங்க."

காட்டினார். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். நடுவில் நீலம். நான் நினைத்த மாதிரியேதான். திட்டு.

"ஏறியிருக்குதுங்களே" என்றேன்.

"ஏறியிருக்கு. நீங்க சொல்றது தப்பில்லைம்மா, நூலுக்கு. இது நூல் இல்லை. இந்த சாயம் காட்டுற பொருள் எல்லா உடம்புலயும் அங்கங்க கொஞ்சம் இருக்கும். வைரஸ் வேலை பண்ணியிருந்தா ஒரு எடம் விடாம பாளமா ஏறும். பாளமா ஏறினாத்தான் உண்டு. திட்டா இருந்தா இல்லை. சந்தேகத்துக்கு வைரஸையே நேரா தேடியும் பாத்தாச்சு. இல்லை."

டாக்டர் இன்னொருத்தருடைய துண்டை எடுத்து வைத்தார். கர்ப்பப்பை வாய்க் கேன்சர் வந்தவளுடையது. யார் பெற்ற பிள்ளையோ. சுவருக்குச் செம்மண் பூசின மாதிரி, இம்மி விடாமல் ஏறியிருந்தது.

நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். நூலுக்கு ஒரு நியாயம், சதைக்கு ஒரு நியாயம். சரி. பார்த்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"அப்ப வீட்டுக்காரர் மேல தப்பில்லைங்கறீங்க."

"அதை நான் சொல்லலையே. வாய்ல வந்திருந்தாலும் சொல்ல முடியாது. அந்த வைரஸ் எப்ப வந்துச்சு, யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்தச் சாயமும் சொல்லாது. எங்க ஆரம்பிச்சதுன்னு மட்டுந்தான் நாங்க பாக்கறோம்." கண்ணாடித் துண்டுகளை அடுக்கினார். "அவரும் நேத்து சாயங்காலம் வந்து இதையேதான் கேட்டாரு."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தான். எல்லாரும் கார்ல இருக்காங்க, குடையை எடுக்கணும்னு சொல்லிட்டு வந்தேன்னாரு. 'அய்யா, அது என்னால வந்ததுங்களா'ன்னு கேட்டாரு. இல்லீங்கன்னு சொன்னேன். ரெண்டு தடவை கேட்டாரு."

நேற்று மழையே இல்லை. குடையும் கொண்டுவரவில்லை.

வெளியே வந்தேன். அவர் எழுந்து நின்றார். "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்" என்றேன்.

ஜூலை 5, புதன்

நாளைக் காலை ஆபரேசன். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கொடுத்த அங்கி முதுகுப்பக்கம் திறந்திருக்கிறது. எந்த மடையன் தைத்தானோ.

ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாரிடம் இரண்டு பேரும் போய் வந்தார்கள். கோகிலா திருநீறு பூசிவிட்டாள். "ஏம்மா, அப்பா கற்பூரத் தட்டு வந்ததும் எனக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டாரு. எப்பவும் இப்படித்தானா?" என்றாள். நாற்பத்து மூன்று வயதில் இப்போதுதான் கவனிக்கிறாள்.

"சூடு ஆவாது அவருக்கு" என்றேன்.

கையெழுத்து எங்கே எங்கே என்று கேட்டு எல்லாம் போட்டேன். உறவு என்ற இடத்தில் அவர் கணவர் என்று எழுதினார். எழுத்து கோணலாகப் போனது. அவர் எழுத்து எப்போதும் முத்து மாதிரி இருக்கும்.

ஜூலை 11, செவ்வாய்

உயிரோடு இருக்கிறேன். வயிற்றில் கல் கட்டின மாதிரி இருக்கிறது. இரும வேண்டியிருந்தால் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஜூலை 14, வெள்ளி

எடுத்த கர்ப்பப்பையை அறுத்துப் பார்த்து முடிவு வந்துவிட்டது. மேலே ஆரம்பித்ததுதான். வாயில் தொங்கிக்கொண்டிருந்ததே தவிர வேர் விடவில்லையாம். வேறெங்கும் பரவவில்லை. இப்போதைக்குக் கரண்டு வேண்டாம், வந்து வந்து காட்டிக்கொண்டிருந்தால் போதும் என்றார் டாக்டரம்மா.

அவர் கேன்டீனுக்குப் போய் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு வந்தாராம். கோகிலா சந்தோஷமாகச் சொன்னாள். இந்த ஒரு மாதமாக இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தவர். விடுதலையான பிறகுதான் பசிக்கும் போலிருக்கிறது.

எனக்குச் சந்தோஷம்தான். பிழைத்தவளுக்கு என்ன குறை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஜூலை 18, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. குனியக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, மாடி ஏறக்கூடாது. கோகிலா புறப்பட்டுப் போய்விட்டாள். சமையல், துணி எல்லாம் அவர்தான். ரசத்தில் உப்பு இல்லை. நேற்று இரண்டு பங்கு இருந்தது.

மத்தியானம் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பழனா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சொல்ல வேண்டாம்."

"ஆசுபத்திரியில இல்லைன்னு வந்துருச்சு. பேசாம இருந்தர்லாம்னு பாத்தேன். முடியலை."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சவகிட்ட எதுக்கு சொல்றீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். வழுக்கையில் வெயில் பட்டது. வயதாகிவிட்டது. ஆனால் எனக்கும்தான் ஆகிவிட்டது.

"அன்னைக்கு நான் கும்புட்டது உங்க கால்ல இல்லை" என்றேன். "எங்க சொல்லோணுமோ அங்க சொல்லுங்க."

"அல்லாரும் போய்ச் சேந்துட்டாங்களே, பழனா."

"ஒருத்தரு இருக்காங்க."

"அக்காளா? அதுக்குக் காது கேக்காதே."

"கத்திச் சொல்லுங்க."

ஜூலை 23, ஞாயிறு

ஆபரேசன் ஆனவளைப் பார்க்க ஒறம்பரை வந்தது. ஆப்பிள், ஹார்லிக்ஸ், ரொட்டி. பாவாயி நங்கையாவை அவர் பேரன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே போய்விட்டான். எண்பத்தாறு வயது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தும் போட மாட்டார். கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"கெர்ப்பப்பைய எடுத்துட்டாங்களாமா?" என்று நங்கையா ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார். "போனாப் போவுது. இனி அதுல என்ன வெச்சிருக்குது?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

"அக்கா. அந்தக் கற்பூரம்."

"என்ன? கர்ப்பமா?"

"கற்பூரம்க்கா. கோயில்ல நான் அணைச்சேனே."

"கேக்கலை. சத்தமாச் சொல்லு."

"நான் பொய்ச்சத்தியம் பண்ணினேன்" என்றார். மறுபடி, இன்னும் சத்தமாக, "பம்பாய்ல தப்புப் பண்ணீட்டு வந்தேன். சேலத்துக்கு அதுக்குத்தான் போனேன். பழனா சொன்னது உண்மை. நான் பொய்ச்சத்தியம் பண்ணினேன்."

ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

நங்கையா தம்பியைப் பார்த்தார். "அது எனக்கு அப்பவே தெரியுமேடா" என்றார். "நம்ம அம்மாளுக்கும் தெரியும். பட்டறை நடக்கோணுமில்ல? இவ அப்பன் ஊட்டுக்குப் போயிருந்தா கலவை போடறது யாரு?"

நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், அவர்கள் இவரை நம்பினார்கள், என்னை நம்பவில்லை என்று. அப்படி இல்லை. என்னைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

"என்னை உழுந்து கும்புடச் சொன்னீங்களே, நங்கையா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். தையல் இழுத்தது.

"அதுக்கு இப்ப என்னங்கறே? நானும் உழுந்து கும்புடட்டுமா? உழுந்தா எந்திரிக்க முடியாது, ஆமா."

எல்லாரும் சிரித்தார்கள், பேச்சை முடித்துவைக்க. நான் சிரிக்கவில்லை.

"உழுங்க" என்றேன். "எந்திரிக்க வெக்க ஆளிருக்குது."

சிரிப்பு நின்றது. நங்கையாவுக்குக் கேட்டுவிட்டது. அது மட்டும் கேட்டது. என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். இவர் கீழே வைத்த சொம்பைப் பார்த்தார். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்து ஒரு முழங்காலை ஊன்றினார். இன்னொன்றை ஊன்ற வரவில்லை. இரண்டு பேர் பிடிக்க ஓடினார்கள். தள்ளிப் போகச் சொல்லிக் கையை உதறினார். என் மாதிரியே பிடிவாதக்காரி. மெதுவாக இறங்கி, என் கால் விரலைத் தொட்டுக் கும்பிட்டார். கை கனமே இல்லை.

போதும் என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று கோகிலா போனில் திட்டினாள். யாரோ அவளிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை. கும்பிட்டு முடித்த பிறகு கையை நீட்டினேன். நான் பாரம் தூக்கக்கூடாது என்று இவர் ஓடிவந்து அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகத்தான் தூக்கிவிட்டோம்.

போகும்போது நங்கையா, "ரசத்துல உப்புப் பத்தலைடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 24, திங்கள்

இரத்தப்போக்கு இல்லை.

அவர் துணி துவைத்துக் கொடியில் போட்டார். என் நீலச் சேலையில் சோப்பு திட்டுத் திட்டாக நின்றிருந்தது. மறுபடி அலசச் சொன்னேன். அலசினார்.

நடையில் ஒழுகுகிறது என்று பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். இன்றும் மழை இல்லை. விளக்கை அணைக்கச் சொன்னேன்.